ஒற்றைச் சாலையும் ஒலியில்லா உலகமும்: ரோசமண்ட் லப்டனின் மர்ம நாவலில் நிலம், மொழி, சான்று

முன்னுரை

மர்ம நாவல் என்றவுடன் ஒரு குற்றம், அதைத் துப்பறிபவர், ஐயத்திற்கு உரியோர், இறுதியில் வெளிப்படும் உண்மை ஆகிய நான்கு கூறுகளே பெரும்பாலோர் நினைவில் எழுகின்றன. நிலம் இவற்றுக்குப் பின்னணியாக மட்டுமே கருதப்படுவது வழக்கம். கொலை மாளிகையில் நிகழ்ந்தாலும் மலையடிவாரத்தில் நிகழ்ந்தாலும் புதிரின் கட்டமைப்பு மாறாது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகும். எனினும், நிலத்தை அகற்றினால் புதிரே இல்லாமற்போகும் நாவல்களும் உள்ளன. பிரித்தானிய எழுத்தாளர் ரோசமண்ட் லப்டன் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி குவாலிட்டி ஆஃப் சைலன்ஸ்' அத்தகைய ஒரு நாவலாகும். 'மௌனத்தின் தன்மை' என இத்தலைப்பைத் தமிழில் கூறலாம்.

அலாஸ்காவின் வடகோடிக்குச் செல்லும் ஒற்றைச் சாலையில், சூரியன் எழாத பருவத்தில், ஒரு தாயும் செவிப்புலனற்ற அவளுடைய பத்து வயது மகளும் மேற்கொள்ளும் பயணமே இந்நாவலின் கதை. இச்சாலை எவ்வாறு புதிரின் பொறியாகச் செயற்படுகிறது, சிறுமியின் மொழி அப்புதிரோடு எவ்வாறு பிணைந்துள்ளது, இவ்விரண்டின் வழியாக ஆசிரியர் எழுப்பும் அடிப்படை வினா யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. மர்ம நாவலின் முடிவை வெளியிடுதல் முறையன்று. ஆதலின், கதையின் இறுதித் தீர்வு இங்குப் பேசப்படவில்லை.

கதைச் சுருக்கம்

வானியற்பியல் அறிஞரான யாஸ்மின் தன் மகள் ரூபியுடன் பிரிட்டனிலிருந்து அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வந்து சேர்கிறாள். வனவிலங்குகளைப் படம்பிடிக்கும் பணியிலுள்ள கணவன் மேட் அங்கு அவர்களைச் சந்திப்பதாக ஏற்பாடு. ஆனால் அவன் வரவில்லை. வட அலாஸ்காவில் அவன் தங்கியிருந்த அனக்டூ என்னும் சிற்றூர் தீவிபத்தில் அழிந்துவிட்டதாகவும், அவனும் அதில் மாண்டுவிட்டதாகவும் காவல்துறை தெரிவிக்கிறது. தீக்கிரையான இடத்தில் கிடைத்த அவனது திருமண மோதிரம் அம்முடிவுக்குச் சான்றாக அமைகிறது. தேடுதலும் நிறுத்தப்படுகிறது.

யாஸ்மின் இம்முடிவை ஏற்க மறுக்கிறாள். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து அலாஸ்காவில் கனவுந்து ஓட்டும் அடீப் என்பவரின் வண்டியில் தாயும் மகளும் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றனர். வழியில் அடீப் நோய்வாய்ப்படவே, யாஸ்மினே அந்தக் கனவுந்தை ஓட்டிச் செல்ல நேர்கிறது. புயல் நெருங்குகிறது. பின்னால் தொலைவில் நீலநிற விளக்குகள் கொண்ட மற்றொரு வண்டி அவர்களைத் தொடர்கிறது. இறந்த விலங்குகளின் படங்கள் மின்னஞ்சல் வழியே வந்துகொண்டிருக்கின்றன. அனுப்புபவர் தந்தையா, வேறொருவரா என்பது தெளிவாகவில்லை. மேட் உயிரோடு உள்ளானா, அனக்டூவில் உண்மையில் நிகழ்ந்தது யாது என்னும் இரு வினாக்களே நாவலை நகர்த்திச் செல்கின்றன.

பூட்டிய அறையிலிருந்து திறந்த சாலைக்கு

எட்கர் ஆலன் போ 1841ஆம் ஆண்டில் எழுதிய 'தி மர்டர்ஸ் இன் த ரூ மோர்க்' என்னும் சிறுகதை நவீனத் துப்பறியும் இலக்கியத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. உட்புறம் பூட்டிய அறையில் நிகழ்ந்த கொலையே அதன் புதிர். பின்னர் அகதா கிறிஸ்டி இவ்வறையைப் பெரிதாக்கினார். 1934இல் வெளிவந்த 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' நாவலில் பனியில் சிக்கிய தொடர்வண்டியும், 1939இல் முதலில் வேறு பெயரில் வெளியாகிப் பின்னர் 'அண்ட் தென் தேர் வேர் நன்' என அறியப்பட்ட நாவலில் கரையோடு தொடர்பற்ற தீவும் அறையின் இடத்தைப் பெற்றன.

இம்மூடிய வெளிகள் மூன்று பயன்களைத் தருகின்றன. முதலாவது, ஐயத்திற்கு உரியோரின் எண்ணிக்கை வரையறுக்கப்படுகிறது. இரண்டாவது, வெளியிலிருந்து உதவி வருவது தடைபடுகிறது. மூன்றாவது, கிடைக்கும் தகவல் அளவுக்குட்படுகிறது. வாசகர் சிந்திப்பதற்கு ஏற்ற எல்லையை இவையே வகுத்துத் தருகின்றன.

வடதிசைக் காட்டுவெளி இதற்கு நேர்மாறானதாகத் தோன்றும். அங்குச் சுவரில்லை, கதவில்லை, எல்லையற்ற பனிவெளியே உண்டு. ஆயினும் அவ்வெளியில் ஒரே ஒரு சாலை மட்டும் இருந்து, அதைவிட்டு விலகுவது உயிருக்கே ஆபத்தாகுமெனின், அத்திறந்த வெளி பூட்டிய அறையைவிட இறுக்கமானதாகிவிடுகிறது. லப்டனின் நாவல் இவ்வுண்மையைப் பயன்படுத்திக்கொள்கிறது. இதனை உணர அச்சாலையின் இயல்பை அறிதல் இன்றியமையாதது.

டால்டன் நெடுஞ்சாலையின் இயல்பு

அலாஸ்காவின் வடகரையிலுள்ள புருடோ விரிகுடாவில் 1968ஆம் ஆண்டில் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. அவ்வெண்ணெயைத் தென்கரைத் துறைமுகமான வால்டீஸுக்குக் கொண்டுசெல்ல 800 மைல், அதாவது ஏறத்தாழ 1,287 கிலோமீட்டர் நீளக் குழாய் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அப்பணிக்கான பொருள்களைச் சுமந்து செல்லவே 1974ஆம் ஆண்டில் இச்சாலை ஐந்தே மாதங்களில் போடப்பட்டது. குழாயில் 1977இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. பொறியாளர் ஜேம்ஸ் டால்டனின் பெயரைத் தாங்கிய இச்சாலை நெடுங்காலம் பொதுமக்களுக்கு முழுமையாகத் திறந்துவிடப்படவில்லை. 1990களின் நடுப்பகுதியில்தான் வடக்கு முனைவரை அனைவரும் செல்ல வழி ஏற்பட்டது. மக்கள் ஊருக்கு ஊர் சென்றுவர அமைந்த சாலை இதுவன்று. எண்ணெய்க்காகப் பிறந்த சாலை என்பது நாவலின் பொருளோடு நேரடித் தொடர்புடையது.

ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே லிவெங்குட் என்னுமிடத்தின் அருகே தொடங்கும் இச்சாலை 414 மைல், அதாவது 666 கிலோமீட்டர் நீண்டு டெட்ஹார்ஸில் முடிகிறது. இதன் பெரும்பகுதி சரளைக்கல் பாதையாகும். யூகோன் ஆற்றைக் கடந்தபின், நடுவழியில் கோல்ட்ஃபுட் என்னும் சிறு தங்குமிடம் உள்ளது. அதற்கு வடக்கே டெட்ஹார்ஸ் வரையிலான 240 மைல் தொலைவுக்கு எரிபொருள் நிலையமோ கடையோ இல்லை. இடையில் புரூக்ஸ் மலைத்தொடரை அட்டிகன் கணவாய் வழியே கடக்க வேண்டும். 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள அக்கணவாய் பனிச்சரிவுகளுக்குப் பெயர்பெற்றது. அலாஸ்காவில் ஆண்டு முழுவதும் பராமரிக்கப்படும் சாலைகளில் இதுவே மிக உயரமான கணவாயாகும்.

குளிரின் கடுமையும் நோக்கத்தக்கது. அமெரிக்க நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலையான செல்சியஸ் கழித்தல் 62 பாகை, 1971ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இத்தடத்தை ஒட்டிய பிராஸ்பெக்ட் கிரீக் முகாமில்தான் பதிவானது. கடுங்குளிரில் டீசல் கூழ்போல் கெட்டியாகிவிடும். ஆதலால் வண்டி நிற்கும்போதும் ஓட்டுநர்கள் இயந்திரத்தை அணைப்பதில்லை. டெட்ஹார்ஸ் பகுதியில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை, ஏறத்தாழ எட்டு வாரங்கள் சூரியன் அடிவானத்திற்கு மேல் எழுவதே இல்லை. கைப்பேசித் தொடர்பு பெரும்பாலான இடங்களில் கிடைக்காது. கனவுந்து ஓட்டுநர்கள் சிற்றலை வானொலி வழியே தாம் இருக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்கின்றனர். 'பீவர் ஸ்லைட்', 'ஆயில் ஸ்பில் ஹில்', 'ரோலர் கோஸ்டர்' எனச் செங்குத்தான ஏற்ற இறக்கங்களுக்கு அவர்களிடையே பெயர்களும் வழங்குகின்றன.

சாலை புதிராகும் முறை

மேற்கூறிய இயல்புகள் ஒவ்வொன்றும் நாவலில் கதைக்கூறாக மாறுகின்றன. பின்னால் வரும் நீல விளக்குகளை முதலில் எடுத்துக்கொள்வோம். நகரச் சாலையில் ஒரு வண்டி பின்தொடர்கிறதா என்பதை அறிய, வேறு தெருவில் திரும்பிப் பார்த்தாலே போதும். டால்டன் சாலையில் திரும்புவதற்குத் தெரு இல்லை. அவ்வழியே செல்லும் எவரும் ஒரே திசையில்தான் சென்றாக வேண்டும். எனவே பின்வரும் வண்டி துரத்துகிறதா, தன் வேலையாகச் செல்கிறதா என்பதை யாஸ்மினால் முடிவுசெய்ய இயலவில்லை. அச்சத்தை உறுதிப்படுத்தவும் முடியாத, விலக்கவும் முடியாத இந்நிலை சாலையின் வடிவத்திலிருந்தே பிறக்கிறது.

அவ்வாறே, நின்று ஆராய்வதும் இயலாது. மரபான துப்பறிபவர் சம்பவ இடத்தில் அமர்ந்து சிந்திப்பார். சாட்சிகளை மீண்டும் அழைப்பார். யாஸ்மினுக்கு அந்த ஓய்வு இல்லை. நின்றால் பின்வருபவன் நெருங்குவான், புயல் பிடித்துக்கொள்ளும். சிந்தனை முழுவதும் ஓட்டத்தின் நடுவே நிகழ வேண்டியுள்ளது. மேலும், கிடைக்கும் சான்றுகள் அனைத்தும் தொலைவிலிருந்தே வருகின்றன. அனக்டூ என்பது ஆசிரியரின் கற்பனை ஊர். எனினும் அப்பெயர், புரூக்ஸ் மலைத்தொடரில் உள்ள அனக்டுவுக் பாஸ் என்னும் உண்மையான இனுப்பியாட் ஊரை நினைவூட்டுகிறது. ஆண்டு முழுவதும் பயன்படும் சாலைத் தொடர்பு அவ்வூருக்கு இல்லை. அத்தகைய ஓரிடத்தில் நிகழ்ந்ததைக் கண்ணால் கண்டு சொல்ல வெளியார் எவருமில்லை என்பது கற்பனைக்கு நம்பகத்தன்மை அளிக்கிறது.

யாஸ்மினை வானியற்பியல் அறிஞராகப் படைத்திருப்பதும் பொருத்தமானதே. நேரில் சென்று தொட இயலாத பொருளைப் பற்றி, வந்து சேரும் ஒளியை மட்டும் கொண்டு முடிவுக்கு வருவது அத்துறையின் முறை. இருளில் தொலைவிலிருந்து வரும் சிறு குறிகளைக்கொண்டு கணவனின் நிலையை ஊகிக்கும் பணியும் அம்முறையையே ஒத்திருக்கிறது.

சிறுமியின் மொழியும் இருளும்

நாவலின் தனிச்சிறப்பு ரூபியின் பாத்திரப்படைப்பில் அமைந்துள்ளது. கதையின் ஒரு பகுதியை அவளே தன்மை இடத்தில் நின்று நிகழ்காலத்தில் கூறுகிறாள். மற்றப் பகுதி படர்க்கையில் செல்கிறது. இவ்விரு கூற்றுகளும் மாறிமாறி வருவதால் ஒரே வண்டிக்குள் இரு வேறு உலகங்கள் இருப்பதை வாசகர் உணர்கிறார். வானொலியில் வரும் எச்சரிக்கையைத் தாய் கேட்கிறாள். மகள் அதை அறியாள். மகள் கண்ணாலும் உடலதிர்வாலும் உணர்வதைத் தாய் கவனிக்கத் தவறுகிறாள். தகவல் இருவரிடையே பங்கிடப்பட்டுள்ளது. முழு உண்மை இருவரும் உரையாடினால்தான் கிட்டும்.

அவ்வுரையாடலுக்குத்தான் தடை ஏற்படுகிறது. சைகை மொழியில் பேச ஒளி வேண்டும். ஒருவரையொருவர் நோக்கும் நிலை வேண்டும். கைகள் ஓய்வாக இருக்க வேண்டும். இரவில் ஓடும் கனவுந்து இம்மூன்றையும் பறித்துவிடுகிறது. தாயின் கண்கள் சாலையில் நிலைத்துள்ளன. கைகள் திசைமாற்றியைப் பற்றியுள்ளன. ஓட்டுநர் அறை இருண்டிருக்கிறது. உதட்டசைவைப் படிப்பதற்கும் முகம் தெரிய வேண்டுமல்லவா? மகளோடு முழுமையாகப் பேச வேண்டுமெனின் தாய் வண்டியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவதன் விலை யாது என்பதை முன்னரே கண்டோம். பிள்ளையோடு பேசுவதற்கு நேரத்தையும் பாதுகாப்பையும் விலையாகக் கொடுக்க வேண்டிய இந்நிலையே நாவலின் மிக வலிமையான கற்பனை எனலாம். நிலமும் மொழியும் புதிரும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன.

இத்தடைக்கு அடியில் பழைய கருத்துவேறுபாடு ஒன்றும் உள்ளது. மகள் வாயால் பேசிப் பழக வேண்டும், இல்லையேல் உலகம் அவளைப் பொருட்படுத்தாது என்று தாய் அஞ்சுகிறாள். ரூபிக்கோ கைகளே இயல்பான குரல். தட்டச்சிடும் சொற்களை ஒலியாக்கும் கணினியும் அவளுக்குத் துணையாக உள்ளது. சொற்கள் எவ்வாறு தோற்றமளிக்கின்றன, எவ்வாறு சுவைக்கின்றன, தொட்டால் எப்படியிருக்கும் என்பவற்றைச் சிறு குறிப்புகளாக அவள் ட்விட்டர் தளத்தில் எழுதுகிறாள். 2023இல் எக்ஸ் எனப் பெயர் மாற்றம் பெற்ற அத்தளம், செவிப்புலனற்ற குழந்தைக்குத் தடையற்ற ஒரு பொதுவெளியாக நாவலில் இடம்பெறுகிறது.

இவ்வேறுபாடு ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. 1880ஆம் ஆண்டில் மிலான் நகரில் கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு, சைகையை விடுத்து வாய்மொழிப் பயிற்சியையே மேற்கொள்ளத் தீர்மானித்தது. அதன் விளைவாகப் பல நாடுகளின் பள்ளிகளில் சைகை மொழி விலக்கப்பட்டது. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி அமெரிக்கச் சைகை மொழிக்குத் தனிக் கட்டமைப்பு உண்டென நிறுவிய பின்னரே, மொழியியலாளர் அதனை முழுமொழியாக நோக்கத் தொடங்கினர். பிரித்தானியச் சைகை மொழியை அந்நாட்டு அரசு 2003இல் ஏற்றது. 2022இல் அதற்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மிலான் தீர்மானங்களை 2010ஆம் ஆண்டு வான்கூவரில் கூடிய மாநாடு நிராகரித்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இக்கல்வி வரலாறு தாய்க்கும் மகளுக்கும் இடையிலான பூசலில் எதிரொலிக்கிறது. குழந்தை தனக்கு இயல்பான மொழியில் சொல்வதைப் பெரியோர் கேட்க ஆயத்தமாக உள்ளனரா என்னும் வினா, மொழி கற்பிக்கும் ஆசிரியர் எவருக்கும் அந்நியமானதன்று.

யாருடைய சான்று ஏற்கப்படுகிறது?

அனக்டூவின் அழிவு விபத்து என்றே முடிவுசெய்யப்படுகிறது. தொலைவிலுள்ள சிற்றூர், கடுங்குளிர், வெப்பமூட்ட வைத்த எரிபொருள் ஆகியவை சேர்ந்தால் தீவிபத்து நிகழ்வது இயல்பே என்னும் கருத்து அம்முடிவை எளிதாக்குகிறது. ஆயினும், எண்ணெய் எடுப்போரின் நலனும் அவ்வூரைச் சூழ்ந்திருந்தமை பயணத்தின்போது மெல்லத் தெரியவருகிறது. நீரையும் மணலையும் வேதிப்பொருள்களையும் மிகுந்த அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை இங்குப் பேசப்படுகிறது. அம்முறையால் நிலத்தடி நீர் கெடுமோ என்னும் அச்சமே, மின்னஞ்சலில் வரும் இறந்த விலங்குகளின் படங்களுக்குப் பொருள் தருகிறது.

இதற்கு உண்மை வரலாற்றுப் பின்புலம் உண்டு. புருடோ விரிகுடாவின் எண்ணெயைக் கொண்டுசெல்ல வேண்டுமெனின், நிலத்தின்மீது அலாஸ்காவின் பூர்வகுடி மக்களுக்கிருந்த உரிமைக் கோரிக்கைகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் ஏக்கர் நிலமும் 96 கோடியே 25 இலட்சம் டாலரும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. அதற்கு ஈடாக ஏனைய நிலங்களின் மீதான கோரிக்கைகள் முடிவுக்கு வந்தன. குழாயும் சாலையும் அதன் பின்னரே எழுந்தன. யாஸ்மின் ஓட்டிச் செல்லும் சாலையே அவ்வுடன்பாட்டின் விளைவு என்பதை அறிந்தால், நாவலின் பயணம் கூடுதல் பொருள் பெறுகிறது.

சொல்லியும் கேட்கப்படாதோர் இக்கதையில் மூவகையினர் உள்ளனர். காவல்துறையின் முன் யாஸ்மின், தாயின் முன் ரூபி, வெளியுலகின் முன் அனக்டூ மக்கள் என அவர்களை வகைப்படுத்தலாம். தலைப்பிலுள்ள மௌனம் சிறுமியின் செவிக்குறையைக் குறிப்பதாக முதலில் தோன்றும். படித்து முடிக்கையில், கேட்க மறுப்போர் உண்டாக்கும் மௌனமே அது என்பது விளங்கும்.

திணைக் கோட்பாட்டின் துணை

தமிழ் பயின்றோர் இந்நாவலை வாசிக்கையில் தொல்காப்பியத்தின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாடு ஒரு பயனுள்ள கருவியாக அமையும். நிலமும் பொழுதும் முதலாவதாக வைக்கப்பட்டதன் காரணம், மாந்தர் ஒழுக்கம் அவற்றின் அடியாகப் பிறக்கிறது என்பதே. பிரிவை உரிப்பொருளாகக் கொண்ட பாலைக்கு வேனிலோடு பின்பனிக் காலத்தையும் தொல்காப்பியம் உரிமையாக்குகிறது. பாலையின் கொடுமைக்கு வெயில் மட்டுமே காரணம் அன்று என்பதற்கு இவ்விதி இடமளிக்கிறது. அலாஸ்காப் புதினத்தைப் பாலைத் திணை நூலென்று கூறுவது பொருந்தாது. ஆசிரியருக்கு அம்மரபு தெரிந்திருந்ததற்கான குறிப்பும் இல்லை. எனினும், நிலத்தையும் பொழுதையும் மாற்றினால் கதையே நில்லாது என்பதை மாணவர்க்கு விளக்க இப்பாகுபாடு எளிய வழியாகும்.

சில குறைகள்

நாவல் குறைகளற்றது என்று கூறுவதற்கில்லை. தொழில்முறை ஓட்டுநர் அல்லாத ஒருவர், அனுபவமுள்ளோரே அஞ்சும் சாலையில், பனிப்புயலின் நடுவே பெரிய கனவுந்தைச் செலுத்துவது நம்பகத்தன்மையைச் சோதிக்கிறது. இனுப்பியாட் மக்கள் கதையின் மையத் துயரத்துக்கு உரியோராக இருந்தும், பெரும்பாலும் பிறர் நினைவின் வழியாகவே தோன்றுகின்றனர். கேட்கப்படாதோரைப் பற்றிய நாவலில் அவர்கள் குரல் குறைந்திருப்பது முரணாகவே உள்ளது. அலாஸ்காவிலேயே வளர்ந்த டேனா ஸ்டாபனோ 1992ஆம் ஆண்டு முதல் எழுதிவரும் கேட் ஷுகாக் வரிசை நாவல்களில், அலூட் இனப் பெண்ணே துப்பறிபவராக அமைகிறார். அவ்வரிசையோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். பயணியின் பார்வையில் நிலம் அச்சுறுத்தும் வெறுமையாகத் தெரிகிறது. அங்கு வாழ்வோர் பார்வையில் அது வீடாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், இந்நாவலில் டால்டன் நெடுஞ்சாலை பூட்டிய அறையின் பணியைச் செய்வதும், இருளும் குளிரும் சான்றுகளைக் கட்டுப்படுத்துவதும், சிறுமியின் மொழி அச்சான்றுகளுக்குத் திறவுகோலாக நிற்பதும் புலனாகின்றன. மர்ம நாவல் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியதென ஒதுக்கும் போக்கு நம் கல்விச் சூழலில் இன்னும் உண்டு. சான்று என்பது யாது, அதை யார் சொன்னால் ஏற்கிறோம், யார் சொன்னால் மறுக்கிறோம் என்னும் வினாக்களை மாணவர் உள்ளத்தில் எழுப்புவதற்கு இவ்வகை நாவல்கள் ஏற்றவை. வகுப்பறையில் கையை உயர்த்தியும் அழைக்கப்படாத மாணவர் ஒருவர் எப்போதும் இருக்கக்கூடும். அவரிடம்தான் விடையின் விடுபட்ட பகுதி உள்ளதோ என எண்ணிப் பார்க்க இந்நாவல் ஆசிரியரைத் தூண்டுகிறது.